நெட்டையக்கா ஆள் சேர்த்த வருஷம்

அந்தக் கல்லூரியின் பெண்கள் கூடைப்பந்து அணிக்குப் பதினெட்டு வருஷமாகத் துணைப் பயிற்சியாளராக இருந்தவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஆறடிக்கு ஒரு விரற்கடை குறைவு. படிக்கிற காலத்தில் 'நெட்டை' என்றார்கள். வேலைக்கு வந்தபிறகு மரியாதைக்கு ஓர் அக்காவை ஒட்டவைத்து 'நெட்டையக்கா' ஆக்கினார்கள். அவளுடைய சொந்தப் பெயரில் கடிதம் வந்தால் தபால்காரரே இரண்டு தடவை விசாரித்துவிட்டுத்தான் கொடுப்பார்.

பழைய தலைமைப் பயிற்சியாளர் ஓய்வு பெறுகிறார், அடுத்தது நெட்டையக்காதான் என்று வாசல் காவலாளியிலிருந்து முதல்வர் வரை பேசிக்கொண்டிருந்த மாதத்தில் அவள் கணவர் இறந்துபோனார். பல் மருத்துவர்களுக்குப் பல் செட் செய்து கொடுப்பது அவர் தொழில். வீட்டுப் பின்னறைதான் பட்டறை. ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல், மேல்வரிசை ஒன்றைத் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே மேசையில் தலையைச் சாய்த்துவிட்டார். பயிற்சிக்குக் கிளம்பிய அவள் எட்டிப் பார்த்தாள். அசதியில் கண்ணயர்ந்துவிட்டார் என்று நினைத்து, மின்விசிறியை ஒரு புள்ளி கூட்டி வைத்துவிட்டுப் போனாள். திரும்பி வந்தபோதும் விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அவர் அசையவில்லை.

அவளுக்கு அழுகை வரவில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள், "அழுதுடும்மா, உள்ளயே வச்சுக்காதே" என்று முதுகைத் தடவினார்கள். உள்ளே ஏதாவது இருந்தால்தானே வைத்துக்கொள்வதற்கு. பாதியில் நின்றுபோன பல் செட்டுகளைக் கேட்டு மருத்துவர்களின் ஆட்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். சீட்டைப் பார்த்து டப்பாவை எடுத்துக் கொடுத்தாள். கடைசி டப்பா வெளியே போனபோது அவள் நாத்தனார் சுவரில் சாய்ந்து விம்மினாள். நெட்டையக்கா, வந்தவனிடம் ரசீதில் கையெழுத்து வாங்கிக்கொண்டாள்.

நாத்தனார் என்றால் கணவரின் மூத்த அக்கா. தனிக்கட்டை, துணி தைப்பவள். தம்பி போன மறுவாரமே தையல் மிஷினோடு வந்து இறங்கிவிட்டாள். "உன்னைப் பாத்துக்க வந்தேன்" என்றாள். உண்மையில் யார் யாரைப் பார்த்துக்கொண்டார்கள் என்பது கடைசிவரை முடிவாகவில்லை. அவள் வாய், மின்சாரம் போனாலும் நிற்காத ரேடியோ. வீட்டில் அந்த ஒரு சத்தம் இருந்தது நல்லதாகத்தான் போயிற்று.

தலைமைப் பதவிக்கான நேர்காணல் கடிதமும் அந்த நாட்களில்தான் வந்தது. நெட்டையக்கா அதைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டி வைத்தாள். அந்தத் தேதியன்று காலையில் அதைப் பார்க்கவும் செய்தாள். பார்த்துவிட்டு, ஊறவைத்திருந்த துணியைத் துவைத்துக் காயப்போட்டாள். இரண்டு வாரம் கழித்து, வேறெங்கோ பெரிய அணியில் ஆடிப் பெயரெடுத்த ஒருத்தி தலைமைப் பயிற்சியாளராக வரப்போகிறாள் என்று அறிவிப்புப் பலகையில் தாள் குத்தினார்கள். அணிப் பெண்கள் கொதித்தார்கள். நெட்டையக்காவுக்கு அது பக்கத்துத் தெருச் செய்தி மாதிரி இருந்தது.

புதிய கோச் முப்பத்து நாலு வயதுக்காரி. நடந்தால் ஓடுகிற மாதிரி இருக்கும். பேசினால் பின்னால் யாரோ துரத்துகிற மாதிரி இருக்கும். கெட்டவள் இல்லை. வந்த அன்றே, பந்துகள் அடுக்கி வைக்கிற அறையில் ஒரு வெள்ளைப் பலகையை மாட்டி மூன்று வட்டம் போட்டாள். பள்ளிப் படிப்பை முடிக்கப்போகிற மூன்று பெண்கள். அவர்கள் பெயரைச் சொல்லாமல் வேகம், குறி, கோபுரம் என்றே சொன்னாள். முதல் பெண் காற்றாக ஓடுவாள், இரண்டாமவள் எவ்வளவு தூரத்திலிருந்தும் கூடையில் போடுவாள், மூன்றாமவள் ஆறடி இரண்டங்குலம். நாலு வருஷமாகக் கடைசிக்கு முந்தின இடத்தில் கிடக்கிற அணி இந்த மூன்று பேர் வந்தால்தான் எழுந்து நிற்கும், இல்லாவிட்டால் தான் வந்ததே வீண் என்றாள். நெட்டையக்கா தலையாட்டினாள். எருமை மேல் மழை பெய்த மாதிரி நிற்கிறாளே என்று கோச்சுக்குத் தோன்றியிருக்கவேண்டும்.

வேகத்தின் வீட்டுக்கு இரண்டு பேரும் சேர்ந்து போனார்கள். அப்பா அச்சகத்தில் வேலை, அம்மா செவிலியர். இரண்டாம் மாடியில் இரண்டே அறை. கோச் மடிக்கணினியைத் திறந்து படம் காட்டினாள். பெண்ணின் பெயரை முதுகில் அச்சடித்த சட்டையை எடுத்து விரித்தாள். இந்தக் கல்லூரி அவளை எங்கெங்கே கொண்டு போகும் என்று அரைமணி நேரம் மூச்சு விடாமல் சொன்னாள். ஏற்கெனவே நாலு கல்லூரிக்காரர்கள் நாலு சட்டையோடு வந்து போயிருந்தார்கள். யோசித்துச் சொல்கிறோம் என்றார் அப்பா. அந்த வார்த்தைக்கு அர்த்தம் நெட்டையக்காவுக்குத் தெரியும்.

கோச் முன்னால் இறங்கிவிட்டாள். மாடிப்படித் திருப்பத்தில் பெண்ணின் அம்மா நெட்டையக்காவை நிறுத்தினாள்.

"நீங்க ஒண்ணுமே சொல்லலையே?"

நெட்டையக்கா கொஞ்சம் யோசித்தாள். சொல்வதற்கு என்ன இருக்கிறது என்று தேடினாள். கண்ணில் பட்டதை எல்லாம் சொன்னாள்.

"விடுதி மூணாவது மாடி. லிஃப்ட் இல்ல. காலையில அஞ்சு மணிக்கு எழுப்புவோம். முதல் வருஷம் எல்லாப் பொண்ணுங்களும் ஒரு தடவையாவது வீட்டுக்குப் போறேன்னு அழும். உங்க பொண்ணுக்கு இடது கை சுத்தமா வரல. ஒரு வருஷம் அதுலயே போயிடும்."

"அழுதா என்ன செய்வீங்க?"

"பக்கத்துல உக்காருவேன். வேற ஒண்ணும் தெரியாது."

மறுநாள் அந்த அம்மா கல்லூரிக்குப் போன் செய்து, கோச்சை விட்டுவிட்டு 'அந்த ஒசரமான அம்மா'வைக் கேட்டாள். பெண்ணை அனுப்புவதாகச் சொன்னாள். கோச் நம்பமுடியாமல், என்ன மந்திரம் போட்டீர்கள் என்று கேட்டாள். உள்ளதைச் சொன்னேன் என்றாள் நெட்டையக்கா. கோச் அவளை மேலும் கீழும் பார்த்தாள். அவ்வளவு உயரத்தைப் பார்க்க நேரம் பிடித்தது. அப்படியானால் மீதி இரண்டு வீட்டுக்கும் நீங்களே போங்கள் என்றாள்.

முன்பெல்லாம் நெட்டையக்கா இப்படி இல்லை. ஆள் சேர்க்கப் போனால் வாசலிலேயே சிரிப்பை ஆரம்பிப்பாள். அடுப்படிவரை போவாள், பெண்ணின் பழைய புகைப்படங்களைக் கேட்டு வாங்கிப் பார்ப்பாள், கிளம்பும்போது அம்மாவின் கையைப் பிடித்து, 'உங்க பொண்ணை என் பொண்ணா பாத்துக்கறேன்' என்பாள். அவளுக்குக் குழந்தை இல்லை. அதனால் அந்த வார்த்தைக்கு ஒரு கனம் இருந்தது. இப்போது அந்த வார்த்தைகள் ஞாபகம் இருந்தன. சொல்வதற்கு வாய்தான் வரவில்லை. ஆனால் வெண்ணெய் தடவிப் பேசுகிறவர்களையே பார்த்துச் சலித்த வீடுகளுக்கு, தட்டையான குரலில் உள்ளதைச் சொல்கிற ஒருத்தி, தாகத்துக்குத் தண்ணீர் மாதிரி இருந்தாள். அவள் பேச்சில் உயிர் இல்லை என்பதை அவர்கள் நேர்மை என்று எடுத்துக்கொண்டார்கள்.

குறியின் வீட்டில் அண்ணன் வைத்ததுதான் சட்டம். கீழே மூக்குக்கண்ணாடிக் கடை, மேலே வீடு. உங்கள் அணி ஜெயிக்குமா என்று கேட்டார். தெரியாது என்றாள். போன வருஷம்? தோற்றோம். அதற்கு முந்தின வருஷம்? தோற்றோம். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். இதுவரை வந்த எவரும் ஓர் ஆட்டத்தில்கூடத் தோற்றதாகச் சொல்லவில்லையாம். கால்மணி நேரத்தில் சம்மதம் ஆயிற்று. நெட்டையக்காவின் மூக்குக்கண்ணாடி தளர்ந்திருப்பதைப் பார்த்து, அதைக் கழற்றித் திருகை முடுக்கியும் கொடுத்தார்.

வீட்டில் நாத்தனார், "கல்யாணத் தரகர் மாதிரி வீடு வீடா ஏறி இறங்குறே. எனக்கும் ஒரு வரன் பாரு, பல்லு மட்டும் சொந்தப் பல்லா இருக்கணும்" என்றாள். சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாதோ என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். நெட்டையக்கா சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். காதில் விழுந்தது. அவ்வளவுதான்.

மூன்றாவது வட்டத்தில்தான் சிக்கல். அணிக்குக் கல்லூரி கொடுக்கிற இடம் பன்னிரண்டு; விடுதி அறையும் அதோடு சேர்ந்தது. படிப்பு முடிந்து போகிறவர்கள் இரண்டு பேர்தான். மூன்று பேர் உள்ளே வரவேண்டும் என்றால் இருக்கிறவர்களில் ஒருத்தி வெளியே போகவேண்டும். கோச் வெகுநேரம் யோசித்ததாகத் தெரியவில்லை. கடைசி வருஷத்துக்குப் போகவேண்டிய 'தூண்' மேல் கோடு போட்டாள். கூடைக்கு அடியில் நிற்கிற பெண் தூண். அவளை யாரும் இடித்து நகர்த்த முடியாது என்பதால் அந்தப் பட்டம். ஆனால் ஓட்டம் மெதுவு. கோபுரம் வந்தால் நிற்கப்போவதும் அதே இடத்தில்தான். மாதக் கடைசிக்குள் பட்டியல் அலுவலகத்துக்குப் போகவேண்டும், பிள்ளைகள் உங்களிடம்தான் ஒட்டுதலாக இருக்கிறார்கள், நீங்களே சொல்லிவிடுங்கள் என்றாள் கோச். பழைய நெட்டையக்காவாக இருந்தால் அந்தப் பலகையையே கழற்றிக் கீழே வைத்திருப்பாள். இவள் சரி என்றாள்.

காலைப் பயிற்சி முடிந்து, தூண் படிவரிசையில் உட்கார்ந்து முழங்காலில் ஐஸ் கட்டி வைத்துக்கொண்டிருந்தாள். நெட்டையக்கா பக்கத்தில் உட்கார்ந்தாள். அடுத்த வருஷப் பட்டியலில் அவள் பெயர் இல்லை, படிப்பைத் தொடரலாம், விடுதியைக் காலி செய்யவேண்டும் என்று வரிசையாகச் சொன்னாள். தூண் ஐஸ் பையை எடுத்துக் கீழே வைத்தாள்.

"இது கோச் முடிவா, உங்க முடிவா?"

"கோச் முடிவு. நான் வேணாம்னு சொல்லல."

தூண் கோர்ட்டைப் பார்த்தபடி இருந்தாள். பெருக்குகிறவர் ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்குப் போய்த் திரும்பினார்.

"மூணு வருஷத்துக்கு முன்னாடி எங்க வீட்டுக்கு வந்தீங்களேக்கா. அன்னிக்கும் இதே குரல்லயா பேசுனீங்க?"

"இல்ல. அன்னிக்கு நிறைய சிரிச்சேன்."

"அம்மா இன்னும் சொல்லுவாங்க, அந்தச் சிரிப்பைப் பத்தி" என்றாள் தூண். எழுந்து, முழங்காலை ஒருமுறை மடக்கிப் பார்த்துக்கொண்டு போய்விட்டாள். பையிலிருந்த ஐஸ் உருகிப் படியில் வழிந்தது. நெட்டையக்கா துணி எடுத்துவந்து துடைத்தாள். வருத்தப்படவேண்டிய இடம் இது என்று அவளுக்குத் தெரிந்தது. தெரிந்தது மட்டும்தான்.

கோபுரத்தின் அப்பா லிஃப்ட் பழுது பார்ப்பவர். குடியிருப்பதோ தரைத்தளத்தில். "வேலை நேரத்துல ஏறி இறங்குனது போதும்மா" என்று சொல்லி நாற்காலி போட்டார். பதினோரு கல்லூரிகளின் வண்ணத் தாள்கள் மேசையில் அடுக்கியிருந்தன. மேலே சுத்தியலை வைத்திருந்தார், காற்றில் பறக்காமல். பெண் உள்ளேயிருந்து வரும்போது நிலைப்படிக்குத் தலைகுனிந்து, விளக்குக்கு இன்னொரு தடவை குனிந்து, வந்து உட்கார்ந்தாள். நெட்டையக்காவைவிட மூன்று அங்குலம் அதிகம். அதிகம் குனியாமல் பேச ஒரு பெண் கிடைத்ததில் கோபுரத்துக்கு ஒரு நிம்மதி.

விடுதி, சாப்பாடு, படிப்பு எல்லாம் பேசி முடித்தபிறகு அவள் கேட்டாள்.

"நான் வந்தா யாரோட இடத்துல ஆடுவேன்?"

தூணைப் பற்றி மட்டும் எந்த வீட்டிலும் பேசவேண்டாம் என்று கோச் சொல்லி அனுப்பியிருந்தாள். மறைத்துப் பேச ஒரு சாமர்த்தியம் வேண்டும். அதற்கு மனசில் கொஞ்சம் சூடாவது இருக்கவேண்டும். நெட்டையக்கா உள்ளதைச் சொன்னாள். ஒரு பெண் இருக்கிறாள், கடைசி வருஷம் பாக்கி, நீ வந்தால் அவள் பட்டியலில் இல்லை, போன வாரம் நானே சொல்லிவிட்டேன். அப்பா மகளைத் திரும்பிப் பார்த்தார். சம்மதம் கைநழுவிப் போனது என்று நெட்டையக்கா நினைத்தாள். போனால் போகட்டும் என்றுகூட நினைக்கவில்லை.

கோபுரம் அந்தத் தாள்களை ஒரு விரலால் தட்டினாள்.

"இந்தப் பதினோரு காலேஜ்லயும் அப்படி யாரோ ஒருத்தி இருப்பா இல்ல? அவங்க சொல்லல. நீங்க சொல்லிட்டீங்க."

"ஆமா."

"அப்ப நான் உங்ககிட்டயே வர்றேன்."

அப்பா உடனே பேனாவைத் தேடினார். பெண்ணிடம் ஒளிக்காமல் பேசுகிற ஆளிடம் விட்டால் தனக்குக் கவலை இல்லை என்றார். வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து நெட்டையக்கா அதைப் பற்றி யோசித்துக்கொண்டே வந்தாள். தூணைத் தள்ளியதை ஒளிக்காமல் சொன்னதே கோபுரத்தைக் கொண்டுவந்து, தூணைத் தள்ளியதை முடித்தும் கொடுத்துவிட்டது. உண்மையும் ஒரு தூண்டில்தான் போலிருக்கிறது. புழு கொஞ்சம் வேறு. இறங்கவேண்டிய நிறுத்தத்தைத் தாண்டி மூன்று நிறுத்தம் போய்விட்டாள். திரும்பி நடந்து வந்தாள்.

நடந்து வந்ததில் ஒன்று செய்யத் தோன்றியது. நகரின் மறுகோடியில் இன்னொரு கல்லூரி இருந்தது. அங்கே கோச் ஒரு கிழவர். தூங்கும்போதும் கழுத்தில் விசில் தொங்கும் என்பார்கள், பட்டமும் 'விசில்'தான். சனிக்கிழமை காலை, தூண் மூன்று வருஷம் ஆடிய கணக்கெல்லாம் எழுதிய நோட்டோடு அவர் அறைக்குப் போனாள். பதினெட்டு வருஷத்தில் ஆட்களை வாங்கிவரப் போயிருக்கிறாளே தவிர, கொடுக்கப் போனதில்லை.

"மெதுவாத்தான் ஓடுவா. முழங்கால்ல பழைய அடி இருக்கு. ஆனா கூடைக்கு அடியில எகிறி வர்ற பந்தை விடமாட்டா. போன வருஷம் எங்க டீம்ல அவ ஒருத்திதான்..."

வாக்கியம் பாதியிலேயே நின்றது. நோட்டில் புரட்டிய பக்கத்தையே மறுபடி மறுபடி புரட்டினாள். யாரோ எழுதியதைப் பார்ப்பது மாதிரி தன் கையெழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விசில் ஒரு தம்ளர் தண்ணீரை அவள் பக்கம் தள்ளினார்.

"உடம்பு சரியில்லையாம்மா?"

"தெரியல சார்."

அவர் நோட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். தன் அணியில் கூடைக்கு அடியில் நிற்கிறவள் படிப்பு முடிந்து போகிறாள், நீ சொன்னால் சரியாகத்தான் இருக்கும், கடைசி வருஷத்தை மாற்றி எடுத்துக்கொள்ள முதல்வரிடம் நான் பேசுகிறேன் என்றார். பேசவும் பேசினார். ஒரே வாரத்தில் இடம் கிடைத்தது.

நல்ல செய்தி என்று நினைத்து நெட்டையக்கா தூணுக்குப் போன் செய்தாள்.

"என்னைக் கேக்காம விட்டீங்க. கேக்காம இன்னொருத்தருக்குக் குடுத்தீங்க" என்றாள் தூண். பிறகு, எத்தனை மணிக்குப் போய்ச் சேரவேண்டும் என்று கேட்டு எழுதிக்கொண்டாள்.

கல்லூரி திறந்தது. வேகம் முதல் மாதமே வீட்டுக்குப் போகிறேன் என்று அழுதாள். நெட்டையக்கா சொன்னபடி பக்கத்தில் உட்கார்ந்தாள். குறி கண்ணாடியை நாடாவால் தலையோடு கட்டிக்கொண்டு ஆடினாள். கோபுரம் கையைத் தூக்கினால் போதும், எதிரணிக்குக் கூடையே தெரியாது. கோச் கெட்டிக்காரிதான், மூன்று பேரையும் ஒரே இயந்திரத்தின் பாகங்களாக மாட்டிவிட்டாள். முதல் ஆறு ஆட்டத்தில் ஐந்து வெற்றி. காவலாளி, பார்க்கிறவர்களிடமெல்லாம் 'நம்ம டீம்' என்று சொல்ல ஆரம்பித்தார். பத்திரிகைக்காரர் வந்து, இவ்வளவு நல்ல ஆட்டக்காரிகளை எப்படிப் பிடித்தீர்கள் என்று கேட்டபோது, கோச் மறைக்காமல் நெட்டையக்காவைக் கைகாட்டினாள். அவள் அப்போது பந்துக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தாள்.

ஏழாவது ஆட்டம் விசிலின் அணியோடு. தூண் வேறு நிறச் சட்டையில், தலைமுடியை ஒட்ட வெட்டிக்கொண்டு வந்திருந்தாள். கோபுரத்தோடு தோள் உரச நின்று, தன்னைவிட உயரமானவளிடமிருந்து பதினொரு பந்தைப் பறித்தாள். கடைசிப் பகுதியில் ஐந்தாவது ஃபவுல் ஆகி வெளியேற வேண்டியதாயிற்று. பத்தொன்பது புள்ளி வித்தியாசத்தில் நெட்டையக்காவின் அணி ஜெயித்தது. முடிந்ததும் இரண்டு அணியினரும் வரிசையாக எதிரெதிரே நடந்து கைகொடுத்தார்கள். தூண் ஒவ்வொருவராகத் தாண்டி வந்தாள். கோபுரத்தின் தோளில் ஒரு தட்டுத் தட்டினாள். நெட்டையக்காவின் கையையும் குலுக்கினாள்.

"தேங்க்ஸ், மேடம்" என்றாள். அடுத்தவளிடம் போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் நெட்டையக்கா கையைக் கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தாள். ஒரு பெண் இன்றைக்கு என்னை மேடம் என்றாள் என்று நாத்தனாரிடம் சொன்னாள். மரியாதையாகத்தானே சொல்லியிருக்கிறாள், அதிலென்ன என்றாள் நாத்தனார். ஆமாம் என்றாள். இரண்டு வாய் சாப்பிட்டாள்.

"உப்பு ஜாஸ்தி, அண்ணி."

நாத்தனார் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவளையே பார்த்தாள். இந்தப் பத்து மாதத்தில் உப்பே போடாமலும் வைத்திருக்கிறாள், கருக்கியும் வைத்திருக்கிறாள். போட்டதைத் தின்றுவிட்டுத் தட்டைக் கழுவி வைத்தவள் இவள். "இனிமே குறைச்சுப் போடறேன்" என்று மட்டும் சொல்லி, முகத்தைத் திருப்பிக்கொண்டு மிஷினுக்குப் போனாள்.

அந்த வருஷம் அணி இரண்டாம் இடத்தில் வந்தது. கோப்பையை முதல்வர் தன் அறையில் வாங்கி வைத்துக்கொண்டார். கொண்டாட்டமெல்லாம் அடங்குவதற்குள் கோச் வெள்ளைப் பலகையைத் துடைத்துப் புதிதாக நாலு வட்டம் போட்டாள். படிப்பு முடிந்து போகிறவர்கள் இந்தத் தடவையும் இரண்டு பேர்தான். கோடு விழுந்த இரண்டு பெயரையும் நெட்டையக்கா பார்த்தாள். இரண்டு பேரையுமே வீட்டில் போய்ச் சிரித்துச் சிரித்துப் பேசி அழைத்து வந்தவள் அவள்தான்.

"வர்றவங்க வீட்டுக்கு நான் போறேன் கோச். போறவங்ககிட்ட நீங்க பேசுங்க."

கோச் பேனா மூடியைத் திறந்து மூடினாள். பிள்ளைகளுக்கு உங்களிடம்தானே பழக்கம் என்று ஆரம்பித்தாள். அதனால்தான் என்றாள் நெட்டையக்கா. குரல் அதே தட்டைக் குரல்தான். ஆனால் இந்தத் தடவை அதில் அசைக்கிற இடம் எதுவும் இல்லை என்பது கோச்சுக்குப் புரிந்தது. சரி என்றாள்.

திங்கட்கிழமை பயிற்சி முடிந்ததும் கோச் முதல் பெண்ணை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள். நெட்டையக்கா வெளியே கூடைக்கம்பத்தடியில் உட்கார்ந்து, எந்தப் பந்தில் காற்று குறைந்திருக்கிறது என்று ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண் கதவைத் திறந்துகொண்டு யாரையும் பார்க்காமல் போனாள். அவளுக்குப் பின்னால் கோச் வந்தாள். ஓடுகிற மாதிரி நடக்கிறவள் மெதுவாக நடந்து, கோர்ட் ஓரத்துக் குழாயைத் திறந்து முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டாள். அடித்துக்கொண்டே நின்றாள். இன்னொரு பெண் உள்ளே போவதற்காகப் படியில் காத்திருந்தாள்.